கலந்து வரும் ஒளிர்வைக் கணக்கால் பிரிப்பது எப்படி: ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மழை ஓய்ந்த பிறகு ரோச்சோர் கால்வாயிலிருந்து ஒரு குப்பி நீரை எடுத்து வடிகட்டி, அதன்மேல் புற ஊதா ஒளியைச் செலுத்தினால் நீர் மங்கலான நீலத்தில் ஒளிரும். அந்த நீலத்துக்குப் பல பொருள்கள் பங்களிக்கின்றன. மக்கிய இலைகளிலிருந்து கரைந்து வந்த பழுப்புப் பொருள் இருக்கும். பாசியும் நுண்ணுயிர்களும் விட்ட புரதத் துணுக்குகள் இருக்கும். சலவைத் தூளில் சேர்க்கும் வெண்மையூட்டியும் கொஞ்சம் வந்திருக்கலாம். ஒவ்வொன்றின் ஒளிர்வும் 50 முதல் 100 நானோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடப்பதால், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. கருவி நமக்குத் தருவது கூட்டுத்தொகை மட்டும்தான்.

அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து எந்தப் பொருளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கிலிருந்து அட்டாச்மென்டுக்கு வரும் மாணவர்களையும், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரோமீட்டரை முதல்முறை தொடுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். தெரியாத இரண்டு எண்களைச் சமன்பாடு போட்டுத் தீர்க்க வந்தால் போதும், மற்றது போகப் போகப் பிடிபடும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கணினி எப்போதும் ஒரு விடை தரும். தரவு கெட்டுப்போயிருந்தாலும் தரும், பொருந்தாத முறையைக் கையாண்டாலும் தரும். அதனால் விடையைப் பார்க்கும் முன் மிச்சத்தைப் பாருங்கள். அளந்த மதிப்பிலிருந்து கணக்கு சொல்லும் மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதுதான் மிச்சம். விடை சரியா என்று சொல்லும் முதல் சாட்சி அதுதான்.

முதலில், உங்களுக்கு எது தெரியும்?

முறையைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் செல்களைப் படம் பிடிப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஃப்பி, ஒய்எஃப்பி என்ற இரண்டு ஒளிர் புரதங்களை ஒரே செல்லுக்குள் வைக்கிறார்கள். ஒன்றின் முகடு 509 நானோமீட்டர் அருகில், மற்றதன் முகடு 527 அருகில். இந்த 18 நானோமீட்டர் இடைவெளியில் கண்ணாடி வடிகட்டி போட்டு இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் தனியாக எப்படி ஒளிரும் என்பதை முன்கூட்டியே அளந்துவிடலாம். நிறமாலை தெரியும், அளவு மட்டும் தெரியாது. இதுதான் எளிய நிலைமை.

கால்வாய் நீர் அப்படி இல்லை. அதற்குள் என்னென்ன ஒளிர்கின்றன என்பதே தெரியாது. நிறமாலை, அளவு இரண்டையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பல மாதிரிகள் வேண்டும், ஒவ்வொரு மாதிரியையும் பல கிளர்வு அலைநீளங்களில் (அதாவது நாம் செலுத்தும் ஒளியின் அலைநீளத்தை மாற்றி மாற்றி) அளக்கவும் வேண்டும். உங்கள் வேலை கால்வாய் நீரில்தான் என்றாலும் எளிய நிலைமையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பெரிய முறைகளில் வரும் சிக்கல்கள் எல்லாம் சிறிய வடிவில் அங்கேயே இருக்கின்றன.

காகிதத்தில் ஒரு கணக்கு

இரண்டு சாயங்கள், அ, ஆ. ஓர் அலகு அ சாயம் 450 நானோமீட்டரில் 100, 520 நானோமீட்டரில் 30 என்று ஒளிர்கிறது. ஓர் அலகு ஆ சாயம் அதே இடங்களில் 20, 80. கலவையை அளந்தால் 260, 300 வருகிறது.

100 × அ + 20 × ஆ = 260
30 × அ + 80 × ஆ = 300

தீர்த்தால் அ = 2, ஆ = 3. ஒளிர்வைப் பிரிக்கும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். கையால் ஒருமுறை செய்து பாருங்கள்.

இனி இரண்டு சாயங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ சாயத்துக்கு 100, 80. ஆ சாயத்துக்கு 90, 85. அதே 2, 3 அலகுகள் சேர்ந்தால் கலவை 470, 415. தீர்த்தால் 2, 3 சரியாகத் திரும்பி வரும். அப்புறம் 470-ஐ 475 ஆக்கிப் பாருங்கள். ஒரு சதவீதப் பிழைதான், விளக்கு சற்றே துடித்தால்கூட வரும். விடை 2.33, 2.69 என்று மாறிவிடும். ஒரு சதவீதப் பிழை, விடையில் 16 சதவீதமாக வீங்கிவிட்டது. முதல் கணக்கில் இதே ஒரு சதவீதத்தைச் சேர்த்து 260-ஐ 263 ஆக்கினால் அ 2.03 ஆகும், ஆ 2.99 ஆகும். அங்கே பாதிப்பு இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

சமன்பாடுகளில் உள்ள நிறமாலை எண்களை வரிசையாக அடுக்கினால் வரும் அட்டவணைக்கு அணி என்று பெயர். இந்த வீக்கத்தை அணியின் நிலைமை எண் என்று அளப்பார்கள். நிறமாலைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு இந்த எண் பெருகும், அளவீட்டு இரைச்சலும் அந்த அளவுக்கு ஊதிப் பெரிதாகும். பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பில் ஒரே வரியில் கிடைக்கும். சாயங்களை வாங்கும் முன்பே அவற்றின் நிறமாலைகளை இணையத்திலிருந்து இறக்கி இந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். எண் பெரிதாக இருந்தால் எந்த மென்பொருளும் உங்களைக் காப்பாற்றாது, வேறு சாயத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது அலைநீளம் சொல்லும் சாட்சி

முதல் கணக்குக்கே திரும்புவோம். இந்த முறை மாதிரியை ஊற்றி அளக்கும் கலத்தின் சுவரோ கரைப்பானோ தன் பங்குக்கு எல்லா அலைநீளங்களிலும் 20 சேர்க்கிறது. அது நமக்குத் தெரியாது. அளவீடு 280, 320 என்று வருகிறது. தீர்த்தால் அ = 2.16, ஆ = 3.19. மிச்சம் எவ்வளவு? பூஜ்ஜியம். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள் என்றால் எப்போதும் கச்சிதமாகப் பொருந்திவிடும். விடை தவறு என்பதைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை.

இப்போது 580 நானோமீட்டரிலும் அளக்கிறோம். அங்கே அ சாயம் 5, ஆ சாயம் 40. மேலே வந்த விடைப்படி 138 வர வேண்டும். கருவி 150 காட்டுகிறது. இந்த 12 எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் பின்னணி ஒளிர்வு நினைவுக்கு வருகிறது. பின்னணியையும் மூன்றாவது சாயமாகச் சேர்த்து மூன்று சமன்பாடுகளைத் தீர்த்தால் 2, 3, 20 என்று உண்மை வெளிப்படும்.

ஆகவே பொருள்களின் எண்ணிக்கையைவிட மிக அதிகமான அலைநீளங்களில் அளந்துகொள்ளுங்கள். மூன்று பொருளுக்கு 30 இடங்களில் அளப்பது ஆடம்பரம் இல்லை. சமன்பாடுகள் கூடிவிட்டால் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவு செய்ய முடியாது. மிச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தத் தொகை மிகச் சிறிதாகும் விடையைத் தேட வேண்டும். இதுதான் மீச்சிறு வர்க்க முறை. அதோடு எந்த அளவும் எதிர்மறையாக வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேருங்கள், ஏனென்றால் எதிர்மறைச் செறிவு என்று உலகில் எதுவும் கிடையாது. இதற்கான கணிப்பு முறையை லாசன், ஹான்சன் இருவரும் 1974-இல் வெளியிட்டார்கள். பைத்தானின் சைபை தொகுப்பில் என்என்எல்எஸ் என்ற பெயரில் இருக்கிறது.

கணக்கு முடிந்ததும் மிச்சத்தை அலைநீளத்துக்கு எதிராக வரையுங்கள். பூஜ்ஜியத்தைச் சுற்றி மேலும் கீழுமாக ஒழுங்கில்லாமல் சிதறினால் நல்லது. மேடும் பள்ளமுமாக ஒரு வடிவம் தெரிந்தால், கணக்கில் சேராத ஏதோ ஒன்று நீருக்குள் இருக்கிறது, அல்லது நீங்கள் வைத்திருக்கும் தனி நிறமாலை இந்தச் சூழலுக்குப் பொருந்தவில்லை. சாயத்தின் நிறமாலை கரைப்பானைப் பொறுத்தும் பிஎச் அளவைப் பொறுத்தும் நகரும். அதனால் தனி நிறமாலைகளை நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடுக்காமல், உங்கள் கருவியில், உங்கள் கரைப்பானில், கருவியின் ஒளி நுழையும் பிளவை அதே அகலத்தில் வைத்து அளந்துகொள்வதுதான் சரி.

கூட்டல் எப்போது பொய்க்கும்

இதுவரை எல்லாம் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. பொருள் இரட்டித்தால் ஒளிர்வும் இரட்டிக்கும், இரண்டு பொருள்கள் சேர்ந்தால் ஒளிர்வுகள் அப்படியே கூடும் என்ற நம்பிக்கை அது. நீர்த்த கரைசலில் இது ஏறக்குறைய உண்மை. ஒளி உறிஞ்சும் அளவு 0.05 இருக்கும்போதே நேர்க்கோட்டிலிருந்து சுமார் 6 சதவீதம் விலகிவிடுகிறது, 0.3 ஆனால் விலகல் 28 சதவீதம். முன்பக்க நீரே கிளர்வு ஒளியை விழுங்கிவிடுவதால் நடுப்பகுதிக்குப் போதிய ஒளி போய்ச் சேருவதில்லை. வெளியேறும் ஒளிர்வையும் வழியில் அதே நீர் விழுங்கும். இதற்கு உள்வடிகட்டி விளைவு என்று பெயர்.

இதைத் திருத்த உறிஞ்சல் நிறமாலையையும் தனியே அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கலத்தில், கிளர்வு அலைநீளத்தின் உறிஞ்சலையும், ஒளிர்ந்து வெளிவரும் ஒளியின் அலைநீளமான உமிழ்வு அலைநீளத்தின் உறிஞ்சலையும் கூட்டி, பாதியாக்கி, 10-இன் அடுக்காக ஏற்றி, அளந்த ஒளிர்வோடு பெருக்குங்கள். உறிஞ்சல்கள் 0.2, 0.1 என்றால் பாதி 0.15, பெருக்கும் எண் 1.41. அதாவது கருவி காட்டியதைவிட உண்மை ஒளிர்வு 41 சதவீதம் அதிகம். இரண்டின் கூட்டு 1.5-ஐத் தாண்டினால் இந்தத் திருத்தத்தை நம்ப வேண்டாம், நீரை நீர்த்து மறுபடி அளந்துவிடுங்கள். நீ சூன் சதுப்புக் காட்டு நீரைப் போலத் தேநீர் நிறத்தில் இருக்கும் மாதிரிகளுக்குப் புற ஊதா முனையில் இந்தக் கவனம் கட்டாயம் தேவை.

சில நாற்பது, ஐம்பது பக்க அறிக்கைகளில் உள்வடிகட்டித் திருத்தம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்ட அறிக்கையில் உள்ள கூறுகளை, அதாவது கணக்கு பிரித்துக் காட்டும் பொருள்களை, நான் நம்புவதில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால் ஒன்று விழுங்கிய ஆற்றல் மற்றதற்குத் தாவிப்போவதும் உண்டு. புரதத்துக்குள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கு இப்படிப் போகிறது. அங்கே கூட்டல் விதி செல்லாது.

நிறமாலையே தெரியாதபோது

தேக்கா சந்தையில் பலர் காய்கறி வாங்கிய ரசீதுகள் கையில் இருக்கின்றன, அவற்றில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் தெரியாது, எடையும் தெரியாது. மொத்தம் சரியாக வரும்படி எத்தனையோ விலைகளையும் எடைகளையும் பொருத்திவிடலாம். ஒரே கிளர்வு அலைநீளத்தில் அளந்த நிறமாலைகளை அளவு, வடிவம் என்று இரண்டு அணிகளாகப் பிரிக்கும்போதும் நிலைமை இதுவேதான். ஒரு விடை கிடைத்தால், அதன் வடிவங்களை ஒன்றோடொன்று கலந்து, அளவுகளை அதற்கேற்பத் திருப்பிக் கலந்து, அதே பொருத்தம் உள்ள வேறு விடைகளையும் உண்டாக்கலாம். மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

எதிர்மறை கூடாது என்ற கட்டுப்பாடு இந்த விடைகளில் பலவற்றைத் தள்ளிவிடும். பாட்டெரோவும் டாப்பரும் 1994-இலும், லீயும் சியூங்கும் 1999-இலும் இந்த வழியைப் பரவலாக்கினார்கள். இன்று என்எம்எஃப் என்று எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அ மட்டும் ஒளிரும் அலைநீளம் ஒன்றும், ஆ மட்டும் உள்ள மாதிரி ஒன்றும் தரவில் எங்காவது இருந்தால் விடை நன்றாக இறுகும். எல்லாம் எல்லா இடத்திலும் கலந்திருந்தால் இறுகாது. வேறு வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வடிவம் வந்தால், தரவால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று பொருள்.

கிளர்வு அலைநீளத்தையும் மாற்றி மாற்றி அளப்பதுதான் இதிலிருந்து மீளும் வழி. 1950-இல் காஷா வகுத்த விதி இங்கே கைகொடுக்கிறது. ஒரு மூலக்கூறை எந்த அலைநீளத்தில் கிளர்த்தினாலும் அது பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் உமிழும், அளவு மட்டுமே மாறும். அப்படியானால் ஒவ்வொரு பொருளின் பங்கும் செறிவு, கிளர்வு வடிவம், உமிழ்வு வடிவம் என்ற மூன்றின் பெருக்கல். மூன்று பக்கமும் இப்படிப் பூட்டிவிட்டால், மேலே சொன்ன கலத்தல் வேலை நடக்காது. மாதிரிகள் ஒன்றுக்கொன்று போதிய அளவு வேறுபட்டிருந்தால் விடை ஒன்றே ஒன்றுதான் என்பதற்கான நிபந்தனையை 1977-இல் குரூஸ்கல் நிறுவினார். இந்த முறைதான் பாராஃபாக். 1970-இல் ஹார்ஷ்மன் ஒரு பக்கமும், கேரலும் சாங்கும் இன்னொரு பக்கமுமாகக் கண்டது. அவர்கள் உளவியல், மொழியியல் தரவுகளோடு மல்லுக்கட்டியவர்கள். அந்தக் கணக்கு 2003-இல் ஸ்டெட்மன், மார்கேகர், புரோ மூவரின் ஆய்வு வழியாக இயற்கை நீருக்கு வந்து சேர்ந்தது.

நீர் எடுப்பதிலிருந்து அளவீடு வரை

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர்ப் பிடிப்புப் பகுதி. மரினா நீர்த்தேக்கம் மட்டுமே தீவின் ஆறில் ஒரு பங்கிலிருந்து நீரைச் சேர்க்கிறது. அதனால் கால்வாய், ஆறு, நீர்த்தேக்கம், கடல் என்று பலவகை நீரும் ஒரே நாள் பயணத்துக்குள் கிடைத்துவிடும். இது நமக்கு நல்ல வசதி. இயற்கை வனப்பகுதியில் நீர் எடுக்க என்பார்க்ஸ் எனும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

மாதிரிகள் எண்ணிக்கையில் மட்டும் கூடினால் போதாது, குணத்திலும் வேறுபட வேண்டும். இரண்டு பொருள்கள் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால், பாராஃபாக் அவற்றை ஒரே கூறாகத்தான் காணும். மழைக்கு முன்பும், மழை பெய்த சில மணி நேரத்திலும், வறண்ட வாரத்திலும் எடுங்கள். ஒரே இடத்தில் ஒரே வானிலையில் எடுத்த ஐம்பது குப்பிகளைவிட, வெவ்வேறு நிலைமைகளில் எடுத்த முப்பது மேல்.

குப்பி கண்ணாடியாக இருக்கட்டும், உலையில் சுட்டுக் கரிமத்தை நீக்கியது. எடுத்த அன்றே வடிகட்டி, இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். அளக்கும் கலம் நான்கு பக்கமும் தெளிந்த குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடி ஆழ்ந்த புற ஊதாவை விடாது, பிளாஸ்டிக் தானே ஒளிரும். நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லை உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நீரை உடனே கலத்தில் ஊற்றினால் கலத்தின் வெளிச்சுவரில் பனிபோல நீர் படியும், ஒளி அதில் பட்டுச் சிதறும். குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, கலத்தை வரிவிழாத மென்தாளால் துடைத்துவிட்டு அளங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒளிர்வு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவதால், எல்லா மாதிரிகளையும் ஒரே வெப்பநிலையில் அளப்பது இரட்டிப்பு நன்மை.

கிளர்வு 240 முதல் 450 வரை 5 நானோமீட்டர் படிகளில், உமிழ்வு 300 முதல் 600 வரை 2 நானோமீட்டர் படிகளில் எடுத்தால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் தூய நீரையும் இதே அமைப்பில் அளந்து எல்லாவற்றிலிருந்தும் கழியுங்கள். அந்தத் தூய நீர்தான் அளவுகோலும்கூட. 350 நானோமீட்டரில் கிளர்த்தும்போது, நீர் மூலக்கூறுகள் ஒளியை அலைநீளம் மாற்றிச் சிதறடிப்பதால் எழும் ராமன் முகடு 397 அருகில் வரும். 371 முதல் 428 வரை அதன் பரப்பைக் கணக்கிட்டு எல்லா மதிப்புகளையும் அதால் வகுத்தால், விளக்கு பழசாகி மங்கினாலும் போன மாத அளவீட்டோடு ஒப்பிட முடியும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர் போல மிகத் தூய்மையான நீரை அளப்பவர்களுக்கு ராமன் முகடுதான் படத்திலேயே பெரிதாகத் தெரியும், கழித்தலில் அவ்வளவு கவனம் வேண்டும்.

அப்புறம் ராலே சிதறல், அதாவது கிளர்வு ஒளியே அலைநீளம் மாறாமல் சிதறிக் கருவிக்குள் வருவது. உமிழ்வும் கிளர்வும் சமமாகும் கோட்டில் ஒன்று, உமிழ்வு இரட்டிப்பாகும் கோட்டில் இன்னொன்று. இவை ஒளிர்வே இல்லை. மூன்றின் பெருக்கல் என்ற அமைப்புக்குள் அடங்கவும் அடங்காது, ஏனென்றால் கிளர்வு நகர நகர முகடும் நகர்கிறது. அந்தப் பட்டைகளை வெட்டிவிட்டு, விடுபட்ட மதிப்பு என்று குறியுங்கள், அல்லது பக்கத்து மதிப்புகளைக் கொண்டு இடைநிரப்புங்கள். வெட்டிய இடத்தில் பூஜ்ஜியம் போடுவதுதான் ஆபத்து. பூஜ்ஜியத்தைக் கணினி ஓர் அளவீடாகவே எடுத்துக்கொண்டு, அந்தக் குழிக்கேற்ப வடிவங்களை வளைத்துவிடும்.

பாராஃபாக் ஓட்டுவது

மேட்லேப் உள்ளவர்களுக்கு ட்ரீம், ஆர் மொழியில் ஸ்டார்டம், பைத்தானில் டென்சர்லி. எல்லாம் இலவசம், மேட்லேப் உரிமம் தவிர. புதியவர்களுக்கு ஸ்டார்டம்தான் என் பரிந்துரை, திருத்தங்கள் முதல் சரிபார்ப்பு வரை ஒரே வரிசையில் நடத்திச் செல்லும்.

உங்கள் நீரைக் கையிலெடுக்கும் முன், விடை தெரிந்த தரவில் ஓட்டிப் பாருங்கள். டிரிப்டோஃபான், டைரோசின், ஃபினைல்அலனின் மூன்றையும் தெரிந்த அளவுகளில் கலந்த ஐந்து மாதிரிகளின் தரவைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் மூன்று தூய நிறமாலைகளும் சரியான விகிதமும் உங்கள் திரையில் வந்த பிறகு மேலே போகலாம்.

சொந்தத் தரவில், எதிர்மறை கூடாது என்ற கட்டுப்பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் அதன் மொத்த வலிமையால் வகுத்துச் சமமாக்கிவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் திருப்பிப் பெருக்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அடர்ந்த சதுப்பு நீர் மாதிரி ஒன்றே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெவ்வேறு தொடக்கங்களில் பத்து முறையாவது ஓட்டி, மிச்சம் மிகக் குறைந்த விடையை எடுங்கள்.

எத்தனை கூறுகள் என்பதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். "அக்கா, 7 போட்டா மிச்சம் இன்னும் குறையுது, 7-ஏ வச்சுக்கலாமா?" என்று அட்டாச்மென்ட் மாணவர்கள் கேட்பது வழக்கம். கூறுகளைக் கூட்டக் கூட்ட மிச்சம் குறையத்தான் செய்யும், ஒரு கட்டத்துக்குமேல் அது இரைச்சலைப் பொருத்துவதால் வரும் குறைவு. மிச்சத்தின் வடிவத்தைப் பாருங்கள். மூன்று கூறில் மிச்ச வரைபடத்தில் ஒரு தெளிவான மேடு நிற்கிறதா? நான்கில் அது மறைந்து வெறும் புள்ளிக்கூட்டம் ஆகிறதா? அப்படியானால் நான்குக்குக் காரணம் இருக்கிறது. ஐந்தில் புதிதாக வந்தது சிதறல் கோட்டை ஒட்டிய கூர்மையான முள் என்றால், அது பொருள் இல்லை, சரியாக வெட்டாத ராலே. ஒரே மாதிரியான இரண்டு வடிவங்கள் வந்தாலும் கூறு அதிகமாகிவிட்டது என்றே கொள்ளுங்கள். உமிழ்வில் இரண்டு தனி முகடுகள் வந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் உடனே தள்ளிவிட வேண்டாம். நம்மைச் சுற்றிக் கப்பல்கள் நிற்கின்றன. எண்ணெயில் இருக்கும் அந்த்ரசீன் போன்ற சேர்மங்களுக்கு இயல்பாகவே பல முகடுகள் உண்டு.

உறுதிப்படுத்த மாதிரிகளை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டுங்கள். இரு பாதியிலும் அதே வடிவங்கள் வர வேண்டும். ஒப்புமையை டக்கர் எண்ணால் அளப்பார்கள், கிளர்வுக்கும் உமிழ்வுக்கும் 0.95-க்குமேல் இருந்தால் ஏற்கலாம். மூன்றின் பெருக்கல் என்ற அமைப்பு தரவுக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்று சொல்லும் மையப் பொருத்தம் என்ற இன்னோர் எண்ணையும் மென்பொருள் தரும், 100-ஐ நெருங்கினால் சிறப்பு. இயற்கை நீரில் கூறுகள் நன்றாகப் பிரிந்திருந்தாலும் அது குறைவாக வருவதுண்டு. அதனால் அதை ஒரு துணைச் சாட்சியாக மட்டும் வைத்து, பாதிப் பரிசோதனைக்கே அதிக மதிப்பு கொடுக்கிறேன்.

கூறுகளுக்குப் பெயர் வைப்பது

1996-இல் போலா கோபிள் வகுத்த குறியீடுகள் இன்றும் வழக்கில் உள்ளன. 275-இல் கிளர்ந்து 340-இல் உமிழ்வது டிரிப்டோஃபானைப் போன்றது, 305-இல் உமிழ்வது டைரோசினைப் போன்றது. 260-இலும் 320 முதல் 360 வரையிலும் கிளர்ந்து 420 முதல் 460-க்குள் உமிழ்வது மண்ணிலிருந்து வந்த ஹியூமிக் வகை, அதாவது தொடக்கத்தில் சொன்ன மக்கிய இலைகளின் பழுப்புப் பொருள் போன்றது. "போன்றது" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் ஒளிர்வதெல்லாம் டிரிப்டோஃபான் ஆகிவிடாது. நம் ஊரில் மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி அமைப்புகள். கால்வாயில் டிரிப்டோஃபான் போன்ற கூறு திடீரென ஏறினால் எங்கோ கசிவு என்று தோன்றலாம், ஆனால் பாசி பெருகினாலும் அதே கூறுதான் ஏறும். ஒளிர்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் பாக்டீரியா எண்ணிக்கையோடும் சேர்த்துப் பாருங்கள்.

கடல் நீரிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் கரிச்சேற்று நிலங்களிலிருந்து கரைந்த ஹியூமிக் பொருள் நீரோட்டத்தோடு சிங்கப்பூர் நீரிணைக்கு வந்து சேர்கிறது. ஜூலையில் செயின்ட் ஜான்ஸ் தீவருகே எடுத்த நீரில் நில வகைக் கூறு உயர்ந்திருந்தால், பக்கத்துக் கால்வாயைக் குறை சொல்லும் முன் இதையும் எண்ணிப்பாருங்கள். உங்கள் வடிவங்களை ஓபன்ஃப்ளோர் தரவுத்தளத்தில் ஏற்றினால், உலகில் வேறு எங்கெல்லாம் அதே வடிவம் கண்டார்கள் என்று தெரியும்.

கடைசிச் சோதனை

ஒரு கால்வாய் மாதிரியை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் தெரிந்த அளவு டிரிப்டோஃபான் சேருங்கள். மூன்றாவதைத் தூய நீரால் பாதியாக நீர்த்துவிடுங்கள். மூன்றையும் அளந்து, ஏற்கெனவே கிடைத்த வடிவங்களை மாற்றாமல் அவற்றின் அளவுகளை மட்டும் கணக்கிடுங்கள். இது மேலே காகிதத்தில் செய்த அதே கணக்குதான். இரண்டாவதில் புரதக் கூறு மட்டும் ஏற வேண்டும், ஹியூமிக் கூறுகள் அசையக்கூடாது. அவையும் ஏறினால் கூறுகள் இன்னும் முழுதாகப் பிரியவில்லை. மூன்றாவதில் எல்லாமே பாதியாக வேண்டும். பாதிக்குமேல் நின்றால் உள்வடிகட்டித் திருத்தத்தை மறுபடி பாருங்கள்.

அறிக்கை எழுதும்போது அலைநீள எல்லைகள், செய்த திருத்தங்கள், எத்தனை மாதிரிகளை எந்தக் காரணத்தால் நீக்கினீர்கள், பாதிப் பரிசோதனையின் எண்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கூறுகளின் வண்ணப் படங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று மாதிரிகளின் மிச்ச வரைபடத்தையும் அதே அளவுகோலில் போட்டுவிடுங்கள்.